காகிதத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு பசை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். 14 கிலோமீட்டர் நடையில் பாதி தாண்டியதும் கால் வலிக்கும், வயிறு கூப்பிடும். சாலையோரக் கடையில் சூடாக இரண்டு பஜ்ஜி. கடைக்காரர் நேற்றைய தினத்தாளைக் கிழித்து அதில் வைத்துக் கொடுப்பார். பஜ்ஜி தீர்ந்தபின் அந்தத் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். முன்பக்கத்துச் செய்தியையும் பின்பக்கத்து விளம்பரத்தையும் ஒரே நேரத்தில் படிக்கலாம்!

சாப்பிடுகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, கசக்கிப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஓவியருக்கு இதுதான் பெரிய தலைவலி. காகிதத்தின் மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் அங்கேயும் இதேதான் நடக்கிறது. வண்ணத்தில் இருக்கும் எண்ணெய் காகிதத்துக்குள் இறங்கிவிடுகிறது, மேலே பொடி மட்டும் தங்குகிறது. படத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் விழுகிறது. இது ஆரம்பம்தான், உண்மையான நஷ்டம் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவரும்.

அதைப் புரிந்துகொள்ள எண்ணெய்களில் இருக்கும் இரண்டு சாதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் மல்லாட்டைக்குப் பேர்போனது (மற்ற ஊர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை). மல்லாட்டை எண்ணெயை ஒரு தட்டில் தடவி வைத்தால் ஒரு மாதம் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும், காயாது. ஆளி விதை எண்ணெய், அதாவது கடைகளில் லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்குவது, அப்படி இல்லை. அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சில நாட்களில் தோல் போல இறுகிவிடும். இதை அளக்க வேதியியலில் அயோடின் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கடலை எண்ணெய்க்கு அது 85 முதல் 105 வரை. ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல். ஏறக்குறைய 130க்கு மேல் இருந்தால்தான் எண்ணெய் உலரும். ஐரோப்பிய ஓவியர்கள் ஆளி விதையையும் வால்நட்டையும் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஆக்சிஜனை இழுக்கும்போது இந்த எண்ணெய் சூடாகும். லின்சீட் ஆயில் துடைத்த துணிகளைப் பந்து போலச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டால், தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சிக் கொப்பரையில் நெய்யில் ஊறிய காடாத் துணியை யாராவது ஏற்றினால்தான் எரியும். ஓவியர் வீட்டுக் கந்தல் ஏற்றாமலே எரிந்துவிடலாம்! தண்ணீரில் நனைத்தோ, விரித்துக் காயப்போட்டோதான் அதை அப்புறப்படுத்த வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உலரும்போது இந்த எண்ணெயில் அமிலங்களும் உண்டாகின்றன. காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். அந்த நார்களுக்குள் எண்ணெய் புகுந்து உலர்ந்தால் காகிதம் பழுப்பாகி, வளைத்தால் அப்பளம் போல நொறுங்கும். வணிகவியல் பாஷையில் சொன்னால், நேரடியாகக் காகிதத்தில் வரைந்த எண்ணெய் ஓவியம் முதல் நாளிலிருந்தே தேய்மானம் எழுத வேண்டிய சொத்து.

இதற்கான தீர்வு ஒரே வரியில் அடங்கும். எண்ணெய் காகிதத்தைத் தொடக்கூடாது. நடுவே ஒரு வேலி வேண்டும். முதலில் நார்களின் வாயை அடைக்க ஒரு பசை, அதன் மேல் வண்ணம் பிடித்துக்கொள்ள ஒரு வெள்ளை அடிப்பூச்சு. வீட்டுச் சுவருக்குப் பெயிண்டர் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்குப் பிறகுதானே பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறார்? அதே கதைதான். இத்தாலியில் 1400ஆம் ஆண்டு வாக்கில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் எழுதிய கைந்நூலில் தோலைக் காய்ச்சி எடுத்த பசை, ஜிப்சம், மரப்பலகை, அதைத் தேய்த்து வழவழப்பாக்கும் முறை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த வெள்ளைப் பூச்சுக்கு இத்தாலிய மொழியில் ஜெஸ்ஸோ என்று பெயர். இன்றைக்கு ஓவியப் பொருள் கடைகளில் வெள்ளை டப்பாவில் விற்கும் ஜெஸ்ஸோ அந்தப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது.

இந்த வித்தை ஐரோப்பாவிலிருந்துதான் நமக்கு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணெய் வண்ணம் அங்கிருந்து வந்தது உண்மை. ஆனால் நடுவே வைக்கும் வேலி நம்மிடம் ஏற்கெனவே இருந்தது.

மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் ஓவியத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதில் வஜ்ரலேபம் என்று ஒரு பசை சொல்லப்படுகிறது. எருமைத் தோலைத் தண்ணீரில் போட்டு வெண்ணெய் போல ஆகும்வரை வேகவைக்க வேண்டும். பிறகு குச்சி குச்சியாக உருட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். தேவைப்படும்போது ஒரு குச்சியை மண்சட்டியில் வெந்நீர் விட்டுக் கரைத்தால் பசை தயார். அதில் வெள்ளை மண்ணைக் கலந்து சுவருக்கு மூன்று முறை பூச வேண்டும். சென்னினியின் புத்தகத்தைப் படித்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். அங்கே ஆட்டுத் தோலும் ஜிப்சமும், இங்கே எருமைத் தோலும் வெள்ளை மண்ணும். இவ்வளவுதான் வித்தியாசம்.

வஜ்ரலேபம் என்ற சொல் வடமொழி நூலோடு நின்றுவிடவும் இல்லை. தமிழ்நாட்டு மரத்தச்சர்கள் பலகையோடு பலகையை ஒட்டப் பயன்படுத்திய பழுப்பு நிறக் கட்டிப் பசைக்கு வச்சிரம் என்றுதான் பெயர். முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அதில் உருக்குவார்கள். நாற்றம் தெருக்கோடி வரை போகும். இந்த வச்சிரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

தமிழ்நாட்டுச் சுவர் ஓவியங்களில் பெரும்பாலும் சுண்ணாம்புதான் அடித்தளம். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொண்டுவந்தார். அதன் பிறகு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே வண்ணம் தீட்டிய முறை அது என்று முடிவுக்கு வந்தார். சுண்ணாம்பு காயும்போது வண்ணப் பொடியையும் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொள்கிறது. பசையே தேவையில்லை. பிற்காலத்தில் நாயக்கர் காலத்தவர்கள் அதன் மேலேயே புதுப் பூச்சுப் பூசி வேறு படம் வரைந்துவிட்டார்கள். தொல்லியல் துறை சில இடங்களில் அந்த மேல் அடுக்கைப் பக்குவமாக உரித்து பைபர் கிளாஸ் பலகைகளில் ஏற்றிவிட்டு, கீழே இருந்த சோழர் படங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. படம் வரைந்த அடுக்கு தனித் தோல் போல நின்றால்தான் இப்படிப்பட்ட வேலை சாத்தியம்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே அடித்தளம் தோற்றுப்போன கதையும் இருக்கிறது. போளூருக்கு அருகில் திருமலை என்ற சமணத் தலம். முதலாம் ராஜேந்திர சோழனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு அங்கேதான் உள்ளது. பாறையோடு ஒட்டிக் கட்டிய அறைகளில் சமண ஓவியங்கள். சக்கர வடிவத்தில் வரைந்த சமவசரணக் காட்சி அவற்றில் முக்கியமானது. கருங்கல் எழுத்து ஆயிரம் வருடம் தாங்கிவிட்டது. ஓவியங்களில் காரை பெயர்ந்த இடமெல்லாம் படமும் போய்விட்டது. விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் பல்லவன் ராஜசிம்மன் எடுத்த கோயிலிலும் இதே நிலைதான். தாளகிரீஸ்வரர் கோயிலின் சிறு சன்னதி ஒன்றில் தேவியின் உருவம் ஒன்று ஓரளவு மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் வெறும் கல். வண்ணம் வெளுத்ததால் போனவை அல்ல இவை. வண்ணத்தைத் தாங்கியது கைவிட்டதால் போனவை.

துணியிலும் பலகையிலும் நம்மவர்கள் இன்னும் நுட்பமாக வேலை செய்திருக்கிறார்கள். கலம்காரித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் முக்கி எடுப்பார்கள். பாலில் இருக்கும் கொழுப்பு நூலில் படிந்து, மூங்கில் எழுதுகோலிலிருந்து இறங்கும் சாயம் பரவாமல் தடுக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் என்றால் எல்லோருக்கும் தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் படத்தின் உயிர் அடியில் இருக்கிறது. பலா அல்லது தேக்குப் பலகை, அதன் மேல் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய துணி, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு. காயக் காய மறுபடி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். நடுவில் இருக்கும் துணிதான் அந்த அசைவைத் தான் வாங்கிக்கொண்டு மேல் பூச்சு வெடிக்காமல் காப்பாற்றுகிறது. துணியை மிச்சம் பிடித்த பலகையில் சாமியின் முகத்திலேயே விரிசல் விழும்.

இவ்வளவு இருந்தும் காகிதத்தைப் பற்றி ஏன் பேச்சே இல்லை? காகிதம் நமக்குத் தாமதமாக வந்த விருந்தாளி. இங்கே எழுத ஓலை இருந்தது. காகிதம் என்ற சொல்லே பாரசீகம் வழியாக வந்தது, கடுதாசி போர்ச்சுக்கீசியர் கொடுத்தது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை 1714இல் அச்சிட்டார். காகிதத் தட்டுப்பாடு எவ்வளவு என்றால், பக்கத்தில் பொறையாறில் மிஷனே சொந்தமாகக் காகித ஆலை வைக்க வேண்டியிருந்தது.

ஓவியத்துக்குக் காகிதம் பரவலாக வந்தது கம்பெனி காலத்தில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் ஆங்கிலேயர்களுக்காக சாதி, தொழில், திருவிழா என்று கட்டுக்கட்டாகப் படம் போட்டுக் கொடுத்தார்கள். திருச்சியில் காக்காப்பொன் தகட்டில்கூட வரைந்தார்கள். காகிதத்தில் வரைந்தவை எல்லாம் தண்ணீர் வண்ணம். இங்கிலாந்திலிருந்து வந்த நல்ல காகிதங்கள் ஏற்கெனவே ஜெலட்டின் பசையில் முக்கி எடுத்தவை, அதனால் தண்ணீர் வண்ணத்துக்கு அவை அப்படியே பொருந்தின. அந்தக் காகிதங்கள் இன்னும் வெள்ளையாக இருப்பதற்கு அந்தப் பசையும் கந்தல் துணி நாரும் காரணம். 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்து மலிவாகக் காகிதத்துக்குப் பசையேற்றும் முறையை வெளியிட்டார். செலவு குறைந்தது, ஆனால் அந்தப் படிகாரம் காகிதத்துக்குள்ளேயே அமிலத்தை வைத்துவிட்டது. நம்ம நூலகங்களில் தொட்டால் உதிரும் பழைய புத்தகங்களுக்கு இதுவும் ஒரு காரணம். மலிவான சரக்குக்கு யாரோ ஒருவர் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, இங்கே கொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகள்.

எண்ணெய் வண்ணம் கப்பலில் சென்னைக்கும் வந்து இறங்கியது. தொழில்முறை ஆங்கில ஓவியர் டில்லி கெட்டில் 1769இல் இங்கே வந்து ஆற்காடு நவாப் முகமது அலியின் உருவப்படங்களை வரைந்தார். அவருக்குப் பின் வில்லிசன், ஹிக்கி என்று வரிசையாக வந்தார்கள். எல்லாம் கேன்வாஸ், பெரிய பெரிய படங்கள். அதைப் பார்த்து நம்மவர்களும் கற்றுக்கொண்டார்கள். மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அரசவையில் பெயர்பெற்றவர். அடுத்த தலைமுறையில் ராமசாமி நாயக்கர்.

ரவிவர்மா கதை இங்கே வருகிறது. 1848இல் கிளிமானூரில் பிறந்த அவர் 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ராமசாமி நாயக்கருக்கு எண்ணெய் வண்ணம் தெரியும், ஆனால் சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் வேலை செய்வதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவினார் என்று சொல்வார்கள். நாயக்கரைக் கஞ்சன் என்று திட்டுவது சுலபம். அவர் கோணத்தில் பார்த்தால் அந்த வித்தைதான் அவருடைய மூலதனம். தூரிகை அசைவைத் தூரத்தில் நின்று பார்த்துப் பிடித்துவிடலாம். துணியில் எந்தப் பசை, எத்தனை பூச்சு, எவ்வளவு காய வேண்டும் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வேலை படம் ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்திருக்கும்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஓவியர்கள் காகிதத்தைத் தேடிப் போனார்கள் என்பது வேடிக்கை. காரணம் எளிது, காகிதம் கனமில்லை, மலிவு, மடியில் வைத்துக்கொண்டு வெளியிலேயே வரையலாம். வலென்சியன் என்ற பிரெஞ்சுக்காரர் 1780களில் ரோம் நகரின் கூரைகளையும் மேகங்களையும் காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தில் பதிவு செய்தார். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்குப் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே பார்த்துப் பார்த்து வரைந்தார். வண்ணம் பூசிய அடித்தளத்தைக் காகிதத்தில் முன்பே தயார் செய்து வைத்துக்கொள்வார். படத்தின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதினார். சிலவற்றில் அந்தக் குறிப்புகளை இன்றும் படிக்க முடிகிறது. எண்ணெய் பின்பக்கம் வரை வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பிரான்சில் டெகா வேறு வழி பிடித்தார். காகிதத்துக்கு வேலி போடுவதற்குப் பதிலாக வண்ணத்திலிருந்து எண்ணெயையே வெளியேற்றினார். வண்ணத்தை மை ஒற்றும் தாளில் பிதுக்கி வைத்து எண்ணெய் உறிஞ்சப்பட்டபின், டர்பன்டைன் கலந்து காகிதத்தில் தீட்டினார். அழகான குறுக்கு வழி, ஆனால் எண்ணெய் போனால் பிடிமானமும் போகும், வண்ணம் மெலிந்து பொடி போல நிற்கும். துலூஸ் லொத்ரெக் எதுவும் பூசாத பழுப்பு அட்டையிலேயே வரைந்தார். அட்டையின் நிறமே படத்தின் நிறமாக இருந்தது. அந்த அட்டை ஆண்டுகள் போகப் போகக் கறுத்துக்கொண்டே வந்தால் படத்தின் கணக்கும் மாறத்தானே செய்யும்.

இந்த இடத்தில் மறுபடி திருவண்ணாமலைக்கு வரலாம். 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். (டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய பள்ளி அது, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.) படிப்பை முடித்தவர் துறவு மனநிலையில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் கம்பெனிகளில் சீன் படுதா வரைபவராக ஊர் ஊராகச் சுற்றினார். 1940களில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். சுப்பையா, ராமலிங்கம், செண்பகராமன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். சிவகாசி அச்சகங்கள் பக்கத்திலேயே இருந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் மீனாட்சியும் முருகனும் எப்படி இருப்பார்கள் என்பதைப் பெருமளவுக்கு முடிவு செய்தது இந்தக் கோவில்பட்டிக் குழுதான். 1976இல் மறைந்தார். அவர் பெயர் தெரியாத வீட்டிலும் அவர் படம் இருந்திருக்கும்.

இவருடைய பாதையை நம்ம விஷயத்தோடு வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யம். படுதா என்பது துணி. வச்சிரத் தண்ணீரில் சுண்ணப்பொடி கலந்து அடித்து, காய்ந்தபின் பொடி வண்ணத்தை அதே வச்சிரத்தில் குழைத்து வரைவது நாடக மேடை வழக்கம். மானசோல்லாசம் சொன்ன முறைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. படுதாவிலிருந்து காலண்டருக்கு வந்தால் இன்னொரு உண்மை புலப்படும். அச்சு மை என்பதே காய்ச்சிக் கெட்டியாக்கிய லின்சீட் எண்ணெயில் கரியையோ வண்ணத்தையோ அரைத்து உண்டாக்கிய பண்டம். குட்டன்பர்க் காலத்திலிருந்து அப்படித்தான். ஆக, பழைய காலண்டர் ஒவ்வொன்றும் காகிதத்தின் மேல் எண்ணெய் வண்ணம்தான்! ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்களுக்கு ஓலியோகிராஃப் என்று பெயர் வந்ததும் அந்த எண்ணெயால்தான். காய்ச்சிய எண்ணெய் கெட்டியாக இருக்கும், மை அடுக்கு மிக மிக மெல்லியது, அதனால் காகிதம் தப்பித்தது. மை சரியாகக் காய்ச்சப்படாத பழைய புத்தகங்களில் எழுத்தைச் சுற்றி மஞ்சள் நிழல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பஜ்ஜித் தாள்தான் அங்கேயும்.

போட்டோ ஸ்டுடியோக்களும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். கலர் பிலிம் வருவதற்கு முன் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லிய எண்ணெய் வண்ணம் தடவிக் கொடுப்பார்கள். கல்யாணப் பெண்ணின் உதட்டில் சிவப்பு, புடவைக் கரையில் பச்சை. அந்த எண்ணெய் காகிதத்துக்குள் ஏன் இறங்கவில்லை? போட்டோத் தாளின் மேல் ஏற்கெனவே பேரியம் சல்பேட் என்ற வெள்ளைப் பொடியும் ஜெலட்டினும் கலந்த பூச்சு ஒன்று, அதற்கு மேல் ஜெலட்டினில் படம். வெள்ளைப் பொடி, தோல் பசை! ஆலையிலிருந்து வந்த அந்தத் தாள், யாரும் பெயர் வைத்து அழைக்காத ஒரு ஜெஸ்ஸோ பூசிய காகிதம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டியின் வண்ணம் தீட்டிய படம் அறுபது வருடம் கழித்தும் நன்றாக இருந்தால், வண்ணம் தீட்டியவரோடு அந்தப் பூச்சுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

வச்சிரம் என்ன ஆனது? 1959இல் பிடிலைட் நிறுவனம் பெவிகாலைக் கொண்டுவந்தது. ஊறவைக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், நாற்றம் இல்லை. கடைக்காரரைப் பிடிக்காமல் நேராகத் தச்சர்களிடமே கொண்டுபோய் விற்றார்கள் என்பது மார்க்கெட்டிங் வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் உதாரணம். எருமைத் தோல் குச்சி நூற்றாண்டுகள் பிடித்து வைத்திருந்த இடம் ஒரு தலைமுறைக்குள் வெள்ளை டப்பாவுக்குப் போய்விட்டது. ஓவிய உலகத்திலும் ஏறக்குறைய அதே சமயம் இதே மாற்றம். 1955இல் அமெரிக்காவின் லிக்விடெக்ஸ் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அக்ரிலிக் ஜெஸ்ஸோவும் வந்தது. தோல் பசை ஈரக்காற்றில் ஊதிச் சுருங்கும், பூச்சிக்கு விருந்து. அக்ரிலிக்குக்கு அந்த இரண்டு தொல்லையும் இல்லை. மார்கழிப் பனியும் சித்திரை வெயிலும் மாறி மாறி வரும் ஊருக்கு அது நல்ல செய்திதான். பெருமைக்காகத் தோல் பசையைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

ஆனால் மாணவர்கள் சிலர் செய்வது போல சாதாரண மரவேலைப் பசையைத் தண்ணீரில் கலந்து அடிப்பது வேறு விஷயம். காகிதத்தை அப்போதைக்கு அடைக்கும், சந்தேகமில்லை. நாளடைவில் அந்த வகைப் பசையே மஞ்சளாகி அமிலத்தன்மை கொள்ளலாம். பயிற்சிப் படத்துக்குப் போதும், யாருக்காவது விற்கப்போகும் படத்துக்கு ஆகாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 300 ஜிஎஸ்எம் அளவுள்ள தடித்த பருத்திக் காகிதம் ஒன்றை எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்க வேண்டும். அக்ரிலிக் ஜெஸ்ஸோவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, பட்டைத் தூரிகையால் ஒரே திசையில் மெல்லிசாக ஒரு கோட். நன்றாகக் காய்ந்தபின் குறுக்குத் திசையில் அடுத்த கோட். நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மூன்றாவது. தாள் ஒரு பக்கமாகச் சுருண்டால் பின்பக்கமும் ஒரு கோட் கொடுத்தால் நிமிர்ந்துவிடும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு சில நாள் பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாதவர்களுக்கு எண்ணெய் வண்ணத்துக்கென்றே ஆலையில் தயாராகும் காகிதமும் இப்போது கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும்.

பூச்சு போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை உண்டு. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் விட்டுவிட்டு, மறுநாள் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறை தெரிந்தால் இன்னொரு கோட்.